பள்ளிக்கூடம் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டே முடிவா?

"டாக்டர், இவனுக்கு மூளை வளர்ச்சி கம்மின்னு ஸ்கூல்ல எழுதிக் கொடுத்துட்டாங்க. வேற ஸ்கூல் பாருங்கன்னு சொல்றாங்க. வல்லாரை லேகியம் ஏதாவது கொடுங்க..."

சேலையூரிலிருந்து வந்திருந்த அந்தத் தாய் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். பையனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. அவனோ மேஜைமேல் இருந்த கல்வத்தைத் தொட்டுப் பார்த்து, "இதுல என்ன அரைப்பீங்க? மிக்ஸியில ஏன் அரைக்கக் கூடாது?" என்று கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான்.

ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரே பக்கம். 'ஐ.க்யூ.' என்று ஓர் எண். 'சிறப்புப் பள்ளிக்குப் பரிந்துரைக்கப்படுகிறது' என்று ஒரு வரி. என்ன தேர்வு வைத்தார்கள், எந்த மொழியில் கேட்டார்கள், கண், காது பார்த்தார்களா... ஒன்றும் இல்லை.

"அம்மா, லேகியம் எங்கேயும் ஓடிப்போகாது. முதல்ல பள்ளிக்கூடத்துக்குச் சம்பந்தமில்லாத ஓர் இடத்துல முழுசா பரிசோதனை பண்ணிட்டு வாங்க" என்றேன்.

இப்படிச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. தொழில் தொடங்கிய புதிதில், பேச்சு சரியாக வராத ஒரு பெண் குழந்தைக்கு நான் பாட்டுக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு வருஷம் கழித்துத்தான் குழந்தைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்தது. அந்த ஒரு வருஷத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

எங்கள் சித்த மருத்துவத்தில் நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டு வகைத் தேர்வு உண்டு. நாடியை மட்டும் பிடித்துவிட்டு நோயைச் சொல்லாதே என்றுதான் பாளையங்கோட்டை கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு குழந்தையின் அறிவை மட்டும் ஒற்றை எண்ணால் அளந்துவிட முடியுமா?

எங்கே தவறு நேரும்?

வீட்டில் தமிழ் பேசும் குழந்தையிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் மதிப்பெண் குறையும். கண் பார்வை மங்கல், காது மந்தம், காய்ச்சல், தூக்கமின்மை, புது ஆளைப் பார்த்த பயம் எல்லாமே எண்ணைக் கீழே இழுக்கும். புத்தி நன்றாக இருந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் வராத குழந்தைகளும் உண்டு. இதைக் கற்றல் குறைபாடு (டிஸ்லெக்ஸியா) என்கிறோம். அதுவும் அறிவுத்திறன் குறைபாடும் ஒன்றல்ல.

எங்கே போவது?

நம் பக்கத்து மக்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கோவளத்துக்குக் கூப்பிடு தூரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் (நிப்மெட்) 2005 முதல் இயங்கி வருகிறது. உளவியல், பேச்சு மற்றும் செவித்திறன், உடலியக்கம், சிறப்புக் கல்வி என எல்லாத் துறையினரும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போய்விடலாம். வேறு இடத்துக்குப் போவதானால், சோதிப்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

போகுமுன் என்ன செய்ய வேண்டும்?

* பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதி, ரிப்போர்ட்டின் முழு நகலைக் கேளுங்கள். தேர்வின் பெயர், தேதி, மொழி, நடத்தியவர் யார் என்பது அதில் இருக்க வேண்டும். கடிதத்தின் இன்னொரு பிரதியில் 'பெற்றுக்கொண்டோம்' என்று கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வையுங்கள்.
* முன்பு நடந்த தேர்வைப் பற்றிப் புதிதாகச் சோதிப்பவரிடம் மறைக்காதீர்கள். அதே தேர்வைச் சில வாரங்களிலேயே மறுபடி வைத்தால், பழகிப்போன கேள்விகளால் முடிவு மாறிவிடும்.
* கண், காது பரிசோதனையை முதலில் முடியுங்கள்.
* பிரசவ விவரம், வலிப்பு வந்ததுண்டா, நடை, பேச்சு எப்போது வந்தது என்று எழுதி எடுத்துப் போங்கள். பள்ளி நோட்டுகளும் வேண்டும். அடித்தல் திருத்தலோடு அப்படியே கொண்டு போங்கள்.
* வீட்டில் ஒத்திகை பார்க்காதீர்கள். நன்றாகத் தூங்க வைத்து, சாப்பிட வைத்து அழைத்துப் போங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் பள்ளியின் மதிப்பீட்டில் பெற்றோருக்கு உடன்பாடு இல்லையென்றால், அரசுச் செலவில் தனி மதிப்பீடு கேட்கலாம். பள்ளி நிர்வாகம் ஒன்று பணம் கட்ட வேண்டும், அல்லது விசாரணைக்குப் போய்த் தன் மதிப்பீடு சரி என்று காட்ட வேண்டும். நம் நாட்டில் இப்படி ஒரு விதி இல்லை. ஆனால் வேறு இடத்தில் பரிசோதிக்கக் கூடாது என்று யாரும் தடுக்கவும் முடியாது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கற்றல் குறைபாடும், ஆட்டிசமும், அறிவுத்திறன் குறைபாடும் அதில் அடக்கம். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து அதற்கேற்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறது அதன் 16-ஆம் பிரிவு. பள்ளி கேட்காவிட்டால் மாநில ஆணையரிடம் மனு கொடுக்கலாம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். மதிப்பீடு வேறு, ஊனச் சான்றிதழ் வேறு. சான்றிதழும் அடையாள அட்டையும் அரசு நியமித்த மருத்துவ அதிகாரியிடம்தான் கிடைக்கும். அதில் உடன்பாடு இல்லையென்றால் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். சான்று இருந்தால் பொதுத்தேர்வில் சலுகை உண்டு. உதாரணமாக, சி.பி.எஸ்.இ.யில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

முடிவு எப்படி இருந்தாலும்...

சேலையூர்ப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தமிழில், பல தடவை வரவழைத்துச் சோதித்தார்கள். அறிவுத்திறன் வயதுக்கேற்றபடி இருந்தது. படிப்பதிலும் எழுதுவதிலும்தான் சிக்கல். புதிய ரிப்போர்ட்டைக் கண்டதும் பள்ளியில் 'வேற ஸ்கூல்' பேச்சு நின்றது. கேள்வித்தாளை வாசித்துக் காட்டுகிறார்கள். சிறப்பு ஆசிரியை வாரம் மூன்று நாள் பயிற்சி தருகிறார்.

எல்லாக் கதையும் இப்படி முடியாது. வேறொரு தம்பதி தங்கள் மகளை அழைத்துப் போனார்கள். பள்ளி சொன்னதையேதான் அங்கேயும் சொன்னார்கள். ஆனால் இந்தத் தடவை அவள் எதில் கெட்டி, எதை எப்படிச் சொல்லிக் கொடுத்தால் பிடித்துக்கொள்வாள் என்பதையும் எழுதிக் கொடுத்தார்கள். "அழுதது போதும் டாக்டர், இனிமே என்ன பண்ணணும்னு தெரிஞ்சுபோச்சு" என்றார் அந்த அம்மா. போன மாதம் வந்தபோது அந்தப் பெண் தன் ஜடையைத் தானே பின்னிக்கொண்டு வந்திருந்தாள்.

ஆகவே, பள்ளி சொன்னது பொய் என்று நிரூபிக்கப் போகாதீர்கள். குழந்தைக்கு என்ன தேவை என்று தெரிந்துகொள்ளப் போங்கள். லேகியத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.