ஏப்ரல் ஆட்டங்களும் மே மாதக் கணக்கும்

லீக் போட்டியின் புள்ளிப் பட்டியலுக்குத் தேதி தெரியாது. ஐ.பி.எல். தொடரில் மார்ச் கடைசியில் ஜெயித்தாலும் இரண்டு புள்ளி, மே மூன்றாம் வாரத்தில் ஜெயித்தாலும் அதே இரண்டு புள்ளி. மழை வந்து முடிவில்லாமல் போனால் ஆளுக்கு ஒன்று. ஆனால் ரசிகர்கள் எல்லா ஆட்டங்களையும் ஒரே தராசில் வைப்பதில்லை. தொடக்கத்தில் தோற்றால் "இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு" என்று ஒரு கட்சி, "இந்த வருஷம் அவ்வளவுதான்" என்று ஒரு கட்சி.

புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அன்று 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். 2024, 2025 சீசன்களைப் போல மார்ச் 22 அன்று ஐ.பி.எல். ஆரம்பித்தால், அந்த நேரத்துக்குள் ஓர் அணிக்குச் சுமார் ஆறு ஆட்டம் முடிந்திருக்கும். படகுகள் மறுபடி கடலுக்குப் போவதற்குள் கோப்பை யாருக்கு என்பதும் தெரிந்துவிடும். தடைக்காலத்து மாலைகளில் இந்த இரு கட்சிகளின் வாதத்துக்கு நேரம் தாராளமாகக் கிடைக்கும். இரு தரப்பிலும் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்பதை முதலில் தீர்மானிப்பது சீசனின் நீளம்.

இந்தக் கேள்வியை உலகில் மிக அதிகமாக அலசியவர்கள் அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள். அங்கே ஒவ்வோர் அணிக்கும் லீக் சுற்றில் மட்டும் 162 ஆட்டங்கள். 1982-இல் அட்லாண்டா பிரேவ்ஸ் முதல் 13 ஆட்டங்களையும் வென்றது. 1987-இல் மில்வாக்கி புரூவர்ஸ் அதையே செய்தது. மில்வாக்கி 91 வெற்றிகளோடு தன் பிரிவில் மூன்றாவதாகத்தான் வர முடிந்தது. அட்லாண்டா 89 வெற்றிகளோடு பிரிவை வென்றது, இரண்டாம் இடத்தில் இருந்த லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸைவிட ஒரே ஒரு வெற்றி அதிகம் என்ற கணக்கில். 13 ஆட்டங்களில் ஒன்று மாறியிருந்தாலும் அந்த முதலிடம் உறுதியில்லை.

2011-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் கதை இதற்கு மறுபக்கம். முதல் ஆறு ஆட்டங்களிலும் தோற்ற அந்த அணி, பிறகு மேலேறி வந்து, செப்டம்பரில் படுமோசமாகச் சரிந்தது. 90 வெற்றிகளில் நின்று, 91 எடுத்த டாம்பா பே அணியிடம் கடைசி இரவில் பிளே-ஆஃப் வாய்ப்பைப் பறிகொடுத்தது. பழி முழுவதும் செப்டம்பர் மேல்தான் விழுந்தது. ஏப்ரலில் தோற்ற ஆறில் ஒன்றை வென்றிருந்தாலும் சமநிலை வந்திருக்கும் என்பதைப் பேசியவர்கள் குறைவு. கடைசியாக நடந்தது காரணமாகத் தெரிவது மனித மனத்தின் பழக்கம். பட்டியலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

நீண்ட சீசன் தவறுகளை மன்னிக்கும். 2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50 ஆட்டங்களில் 19-ஐத்தான் வென்றது; கடைசியில் 93 வெற்றிகளோடு பிளே-ஆஃபுக்குள் நுழைந்து சாம்பியனும் ஆனது. 162-இல் 50 என்பது ஐ.பி.எல். அளவில் நாலு ஆட்டத்துக்குச் சற்று மேல். அதாவது நேஷனல்ஸ் அணி இரண்டு மாதம் தடுமாறியதும், 2015-இல் மும்பை இந்தியன்ஸ் முதல் நாலு ஆட்டங்களையும் தோற்றதும் ஏறக்குறைய ஒரே அளவுப் பங்குதான். மும்பையும் அந்த ஆண்டு கோப்பையை வென்றது.

அப்படியானால் 14 ஆட்டச் சீசனில் ஓர் ஆட்டத்தின் எடை எவ்வளவு? ஒவ்வோர் ஆட்டத்திலும் ஜெயிக்கச் சரிபாதி வாய்ப்புள்ள, சராசரியான ஓர் அணியை எடுத்துக்கொள்ளலாம். பிளே-ஆஃப் போக 16 புள்ளி, அதாவது எட்டு வெற்றி, பெரும்பாலும் போதும். சீசன் தொடங்கும் முன் அந்த அணி எட்டைத் தொட நூற்றுக்கு 40 வாய்ப்பு. முதல் ஐந்தையும் வென்றுவிட்டால், மீதி ஒன்பதில் மூன்று போதும் என்பதால் வாய்ப்பு 91-க்கு ஏறும். முதல் ஐந்தையும் தோற்றால் ஒன்பதில் எட்டு வேண்டும், வாய்ப்பு 2. திறமை கொஞ்சமும் மாறாமலே இவ்வளவு வித்தியாசம். 'இன்னும் நிறைய ஆட்டம் இருக்கிறது' என்ற ஆறுதல் பேஸ்பாலுக்குப் பொருந்தும் அளவுக்கு ஐ.பி.எல்.லுக்குப் பொருந்தாது.

நூற்றுக்கு 2 என்பது பூஜ்யம் இல்லை. எட்டு வெற்றிக்குக் குறைவாக எடுத்தும் உள்ளே போன அணிகள் உண்டு. 2010-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் முதல் ஏழில் ஐந்தைத் தோற்றது. தர்மசாலாவில் பஞ்சாபுக்கு எதிராகக் கடைசி ஓவரில் 16 ரன் தேவை என்ற நிலையில் தோனி அடித்து முடித்தபோதுதான் அரையிறுதி உறுதியானது. 2014-இல் கொல்கத்தா முதல் ஏழில் இரண்டையே வென்று, அதன்பின் இறுதி ஆட்டம் உட்படத் தொடர்ந்து ஒன்பதை வென்றது. 2024-இல் பெங்களூரு முதல் எட்டில் ஒன்றை மட்டும் ஜெயித்து, கடைசி ஆறையும் வென்று பிளே-ஆஃப் போனது. இவையெல்லாம் நினைவில் நிற்பது அரிதாக நடப்பதால்தான். 2019-இல் இதே பெங்களூரு முதல் ஆறையும் தோற்று, கடைசி இடத்திலேயே சீசனை முடித்ததை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

ஆரம்ப ஆட்டங்கள் வெற்றி தோல்வியோடு நெட் ரன் ரேட்டையும் விட்டுச் செல்கின்றன. சீசன் முழுக்க ஓர் அணி ஓவருக்கு எடுத்த ரன்னிலிருந்து, ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழித்தால் வருவது அது. ஓர் அணி ஆல் அவுட் ஆனால் அது ஆடிய ஓவர்கள் 20 என்றே கணக்கில் ஏறும். முதல் ஆட்டத்தின் ஒவ்வொரு ரன்னும் கடைசி நாள்வரை இந்தக் கூட்டலில் கிடக்கும்.

2024 மே 18 அன்று பெங்களூருவில் நடந்ததைப் பார்க்கலாம். பெங்களூரு அணிக்கு எதிராக 219 இலக்கை விரட்டிய சென்னை தோற்றாலும் பரவாயில்லை, 201 எடுத்தால் பிளே-ஆஃப். கிடைத்தது 191. இரு அணிக்கும் 14 புள்ளி. பெங்களூருவின் ரன் ரேட் 0.459, சென்னையுடையது 0.392. எல்லோரும் அந்தக் கடைசி ஓவரைப் பற்றியே பேசினார்கள். ஆனால் 0.067 என்ற இடைவெளியைச் சென்னை சீசன் முழுக்க ஆடிய சுமார் 275 ஓவர்களால் பெருக்கினால் வருவது 18 ரன்னுக்குச் சற்று மேல். மார்ச் 31 அன்று விசாகப்பட்டினத்தில் டெல்லியின் 191 ரன்னை விரட்டிய சென்னை 171 எடுத்து, 20 ரன்னில் தோற்றது. அன்றைக்கு இன்னும் 19 ரன் சேர்த்திருந்தாலும் ஆட்டம் தோல்விதான், ஒரு ரன்னில். ஆனால் மே மாதத்தில் உள்ளே போயிருப்பது சென்னை. கைவிட்டுப் போன ஆட்டத்தின் கடைசி ஓவரில் தோனி அடித்த 20 ரன்னை அன்று ரசிகர்கள் வெறும் வேடிக்கையாகத்தான் ரசித்தார்கள். அந்த 20-ம் கணக்கில் ஏறியவையே. அவை இல்லாவிட்டால் இடைவெளி இரட்டிப்பாகியிருக்கும்.

எடையில் குறைவில்லாத ஆரம்ப ஆட்டங்கள், அணியின் தரத்தைக் காட்டுவதில் மட்டும் பலவீனமானவை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான வாதங்கள் சுற்றுகின்றன. 2014-இல் மக்களவைத் தேர்தல் காரணமாக ஐ.பி.எல். தொடரின் முதல் இரண்டு வாரம் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்தது. அங்கே பஞ்சாப் ஐந்துக்கு ஐந்து வென்றது, மும்பை ஐந்துக்கு ஐந்து தோற்றது. பஞ்சாப் உண்மையிலேயே பலமான அணி, இறுதி ஆட்டம்வரை போனது. மும்பையோ ஊர் திரும்பியதும் வேறு அணியாக ஆடி நாலாம் இடத்தைப் பிடித்தது. 2025-இல் டெல்லி முதல் நாலையும் வென்று, ஐந்தாம் இடத்தில் முடிந்து வெளியேறியது. நாலைந்து ஆட்டங்களில் மைதானம், எதிரணி, டாஸ், வந்து சேராத வெளிநாட்டு வீரர் என்று எல்லாமே முடிவுக்குள் கலந்திருக்கும். திறமையை மட்டும் பிரித்தெடுப்பது கடினம்.

ஆனாலும் அணிகள் அந்த அரைகுறைத் தகவலை வைத்தே முடிவெடுக்கின்றன. 2013-இல் ஆறு ஆட்டங்களுக்குப் பின் ரிக்கி பாண்டிங் ஒதுங்கிக்கொள்ள, ரோகித் சர்மா மும்பை கேப்டன் ஆனார். அந்த ஆண்டே மும்பைக்கு முதல் கோப்பை. அந்த ஆறில் மூன்றை மும்பை வென்றிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ரஞ்சிக் கோப்பையில் கதை வேறு. 2018-19 முதல் அதில் ஆடும் புதுச்சேரி அணியின் சொந்த மைதானம் துத்திப்பட்டில் உள்ளது. சீசன் தொடங்கும் அக்டோபர், நவம்பர்தான் இந்தக் கடற்கரையின் வடகிழக்குப் பருவமழைக் காலம். முழு வெற்றிக்கு 6 புள்ளி, இன்னிங்ஸ் அல்லது பத்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றால் 7, டிராவில் முதல் இன்னிங்ஸ் முன்னிலைக்கு 3. முதல் இன்னிங்ஸ்கூட முடியாமல் மழை கெடுத்தால் ஆளுக்கு 1. இங்கே ஆரம்ப ஆட்டம் சொந்த ஊரில் அமைவது சாதகமா பாதகமா என்பதை ஆடுகளத்தைவிட வானமே தீர்மானிக்கும்.

ஐ.பி.எல். பிளே-ஆஃப் வந்ததும் லீக் புள்ளிகளுக்கு மதிப்பு முடிந்துவிடுவதுபோலத் தோன்றும். முழுக்க அப்படி இல்லை. 2011 முதல் உள்ள முறையில் முதல் இரண்டு இடத்தில் வந்த அணிகளுக்குத் தங்களுக்குள் மோதும் குவாலிஃபயரில் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. மூன்றாம், நாலாம் இடத்துக்கு ஒரு தோல்வியே முடிவு. 2011 முதல் 2025 வரை 15 சீசன்களில் 14 முறை கோப்பை போனது முதல் இரண்டு இடத்து அணிகளுக்குத்தான். விதிவிலக்கு 2016-இல் மூன்றாவதாக வந்த ஹைதராபாத் மட்டும். 2025-இல் மும்பை முதல் ஐந்தில் நாலைத் தோற்று, தொடர்ந்து ஆறை வென்று, 16 புள்ளியோடு நாலாவதாக உள்ளே வந்தது. எலிமினேட்டரில் குஜராத்தை வென்றது. அடுத்த ஆட்டத்தில் பஞ்சாபிடம் தோற்று வெளியேறியது. முதலிடத்தில் முடித்த அந்தப் பஞ்சாப் அணி, குவாலிஃபயரில் பெங்களூருவிடம் தோற்றபின் தன் இரண்டாவது வாய்ப்பாகவே மும்பையை எதிர்கொண்டிருந்தது.