மூன்றாவது சிரை அடைபடும்வரை காத்திருக்கலாமா?

குடலின் பெரும்பகுதியை இழந்த குழந்தைக்கு, மார்பில் பொருத்திய கதீட்டர் வழியே இரவு முழுக்க இறங்கும் சத்துத் திரவம்தான் சாப்பாடு. 1960-களின் பிற்பகுதியில் பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக் குழுவினர் இந்த முறையைச் சாத்தியமாக்கினார்கள். பிழைக்காது என்று கைவிடப்பட்டிருக்கக்கூடிய குழந்தைகள் இன்று வீட்டிலிருந்தபடியே வளர்ந்து பள்ளிக்கும் போகிறார்கள். ஆனால், இந்த உணவு உள்ளே போக வாசல்கள் குறைவு. கழுத்தில் 2, காறையெலும்பை ஒட்டி 2 என மேலுடம்பில் முக்கியமான சிரைகள் 4தான். கதீட்டரைச் சுற்றி ரத்தம் உறைந்து அவற்றில் 3 அடைபட்டாலே, குடல் மாற்று அறுவை பற்றி யோசிக்க வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள்.

அப்படியானால் உறைதலைத் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுக்கலாமே? எல்லாக் குழந்தைகளுக்கும் வழக்கமாகக் கொடுக்க 2018-ல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. பலனை உறுதிசெய்யும் தரமான ஆய்வுகள் இல்லை என்பதே காரணம். எல்லோருக்கும் வேண்டாம் என்பது சரிதான். ஆனால், அதையே சாக்காக வைத்து, ஏற்கெனவே ஒரு சிரையை இழந்த குழந்தைக்கும் மறுப்பது சரியல்ல. குடலை இப்படி இழப்பது அரிதான நிலை. பெரிய ஆய்வுக்குப் போதுமான குழந்தைகளைத் திரட்டுவது கடினம். ஆய்வு வரும்வரை சிரைகள் காத்திருக்காது. முதல் அடைப்பு வந்த குழந்தைக்கும், ரத்தம் எளிதில் உறையும் தன்மையுள்ள குழந்தைக்கும் மருந்தைத் தொடங்குவதே நியாயமான கணக்கு.

ரத்தக்கசிவு வருமே என்ற அச்சம் பொய்யல்ல. நீண்டகாலச் சிரைவழி உணவால் கல்லீரல் கெட்டு, தட்டணுக்கள் குறைந்த குழந்தைக்கு இந்த மருந்தே ஆபத்தாகலாம். அவர்களைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். உறைதடுப்பு மருந்துகளில், வாயால் சாப்பிடும் வார்ஃபரின் குட்டைக் குடலில் எவ்வளவு உறிஞ்சப்படும் என்று சொல்ல முடியாது. சிரைவழி உணவில் சேரும் சோயா எண்ணெய்க் கொழுப்புத் திரவத்திலுள்ள வைட்டமின் கே அதன் வேலையைக் கெடுக்கவும் செய்யும். அதனால்தான் பலரும் எனாக்ஸாபாரின் ஊசிக்குப் போகிறார்கள். அதிலும் அளவு நுணுக்கமானது. 5 கிலோ குழந்தைக்குத் தடுப்பு அளவாக ஒரு வேளைக்கு 2.5 மில்லிகிராம் என்றால், மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள மருந்தில் அது 0.025 மில்லி, 0.01 மில்லிக்கு ஒரு கோடுள்ள இன்சுலின் சிரிஞ்சில் இரண்டரைக் கோடு. அரைக் கோடு தவறினாலே 20 சதவீதப் பிழை. மருந்தகத்தில் நீர்த்துத் தருவதும், ரத்தப் பரிசோதனையில் அளவைச் சரிபார்ப்பதும் இருந்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும்.

கிருமித்தொற்றைத் தடுத்து, கதீட்டரின் நுனியைச் சரியான இடத்தில் வைத்தாலே போதும் என்பாரும் உண்டு. இரண்டும் அவசியம்தான். ஆனால், அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது: எந்தச் சிரை திறந்திருக்கிறது, எது அடைபட்டது என்று யார் கணக்கு வைக்கிறார்கள்? காய்ச்சலுக்குச் சேர்த்த இடத்தில், அவசரத்துக்கென இன்னொரு சிரையில் கதீட்டரைச் செருகிவிட்டால், போன சிரை பெரும்பாலும் திரும்புவதில்லை. ஒவ்வொரு குழந்தையின் கோப்பிலும் முதல் பக்கத்தில் சிரைகளின் நிலவரம் இருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் யாரும் புதிய கதீட்டர் போடக் கூடாது. உறைதடுப்பு மருந்து வேண்டுமா என்ற பேச்சு, முதல் சிரையில் அடைப்பு தெரிந்த அன்றே தொடங்க வேண்டும். மூன்றாவது சிரையும் அடைபட்ட பிறகு தொடங்கினால், பாதுகாக்க மிஞ்சுவது ஒன்றே ஒன்றுதான்.