முழவும் மிடறும்

முழவு வாசிப்பவர் பாடகருக்குப் பக்கத்தில் அமர்பவர். மேடையின் நடுவிடம் அவருக்குரியதன்று என்பது நெடுநாள் வழக்கு. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது மிருதங்கக் கலைஞர் ஒருவரை முதன்முதலாக அடைந்ததே 1966 இல்தான். அவர் பாலக்காடு மணி ஐயர்.

அவ்வழக்கைத் தம் வாழ்வால் தளர்த்தியவருள் டி. வி. கோபாலகிருஷ்ணன் ஒருவர். 1932 இல் கேரளத்துத் திருப்பூணித்துறையில் பிறந்தவர். செம்பை வைத்தியநாத பாகவதரிடம் பாட்டுப் பயின்றார். அவருக்கே மிருதங்கமும் வாசித்தார். பாடுபவருக்கு எவ்விடத்தில் மூச்சு வாங்கும் என்றறிந்த கைக்கு, அவ்விடத்தில் அடங்கவும் தெரியுமன்றோ? நம் தோட்டங்களில் காமன் கூத்துப் பாடுபவரின் வாயைப் பார்த்தே தப்படிப்போரைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். (அவர்களுக்கு விருதளிக்க அகாடமி ஏதுமில்லை.)

1974 அக்டோபரில் செம்பை மறைந்தார். அடுத்த மாதம், பீட்டில்ஸ் குழுவிலிருந்த ஆங்கிலேயர் ஜார்ஜ் ஹாரிசன் வட அமெரிக்காவில் இசைப்பயணம் தொடங்கினார். அதில் பங்கேற்ற ரவிசங்கர் குழுவில் கோபாலகிருஷ்ணன் மிருதங்கம் வாசித்தார், பாடவும் செய்தார். ராக் இசையை நாடி வந்த இளைஞருட் பலர் பொறுமையிழந்தனர். ஆயினும் அம்மேடைகளில் நம் முழவு ஒலித்தது.

2012 இல் பத்மபூஷண் விருது பெற்றார். சங்கீத கலாநிதி 2014 ஆம் ஆண்டுக்கு வழங்கப்பெற்றபோது அவருக்கு வயது 82.