லித்துவேனிய மொழியின் அன்றாடச் சொற்கள்

ஒரு மொழியைக் கற்கப் புகுவார் எச்சொற்களை முதற்கண் கற்றல் வேண்டும்? துயில் எழுதல் முதல் மீண்டும் துயிலச் செல்லுதல் ஈறாக நாள்தோறும் நிகழும் செயல்களைக் குறிக்கும் சொற்களையே கற்றல் வேண்டும். செயல் நிகழுந்தோறும் அதற்குரிய சொல் நினைவுக்கு வரும். ஆதலின் அது நெஞ்சில் நிலைபெறும். இவ்வுண்மையை லித்துவேனிய மொழியைக்கொண்டு காண்போம்.

லித்துவேனியா என்பது ஐரோப்பாவில் பால்டிக் கடலின் கீழ்க்கரையில் உள்ள ஒரு சிறு நாடு. அந்நாட்டு மொழி வடமொழியோடு தொலைவான உறவுடையது. தினம், அக்கினி என்னும் வடசொற்களுக்கு இனமான சொற்கள் அம்மொழியிலும் உள்ளன. பகலை அந்நாட்டார் 'தியெனா' என்பர். நெருப்பை 'உக்னிஸ்' என்பர்.

அம்மொழியில் காலைக்கு 'ரீத்தஸ்' என்றும், மாலைக்கு 'வாக்கரஸ்' என்றும் பெயர். காலையில் ஒருவரையொருவர் காணுங்கால் 'லாபஸ் ரீத்தஸ்' என வாழ்த்துவர். 'நற்காலை' என்பது இதன் பொருள். ரீத்தஸ் என்பதன் பன்மையாகிய 'ரீத்தாய்' கிழக்குத் திசையையும், வாக்கரஸ் என்பதன் பன்மையாகிய 'வக்கராய்' மேற்குத் திசையையும் குறிக்கும். நண்பகல் உணவுக்கும் தென்றிசைக்கும் 'பியெதூஸ்' என்பதே பெயர். வடக்கே நெடுந்தொலைவில் உள்ள அந்நாட்டில், நண்பகல் ஞாயிறு என்றும் தென்வானிலேயே நிற்குமன்றோ? எனவே, நாட்பொழுதைக் குறிக்கும் மூன்று சொற்களைக் கற்றவன் மூன்று திசைகளின் பெயரையும் உடன் அறிந்தவனாவான்.

இனி, வினைச்சொற்களைக் காண்போம். 'கெல்தி' என்பது எழுப்புதல். அதன் இறுதியில் 'ஸ்' என்னும் ஒலி சேரின் 'கெல்திஸ்' என்றாகி, எழுதலைக் குறிக்கும். 'ப்ரௌஸ்தி' என்பது பிறர் முகத்தைக் கழுவுதல். 'ப்ரௌஸ்திஸ்' என்பது தன் முகத்தைக் கழுவிக்கொள்ளுதல். தமிழில் 'எழு' என்னும் தன்வினையிலிருந்து 'எழுப்பு' என்னும் பிறவினை தோன்றும். அங்கோ பிறவினை முதலாக நிற்க, ஓர் ஒலி சேர்ந்து அதனைத் தன்வினை ஆக்குகிறது. இம்முறையை அறிந்தால் ஒரு சொல்லைக் கற்ற உழைப்பில் இரு சொற்கள் கைவரும்.

இவை எளிய சொற்களே. ஆயினும், இவற்றைக் காத்தற்கு அம்மக்கள் பட்ட துன்பம் பெரிது. 1864 முதல் 1904 வரை லத்தீன் எழுத்தில் லித்துவேனிய நூல்களை அச்சிடலாகாது என உருசியப் பேரரசு தடுத்தது. அண்டை நாடாகிய பிரஷியாவில் அச்சிட்ட நூல்களை மக்கள் மறைவாக எல்லை கடந்து சுமந்து வந்தனர். பிடிபட்டோருள் சிலர் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். ஊர்தோறும் தாய்மார் இராட்டையில் நூல் நூற்றுக்கொண்டே தம் மக்களுக்கு எழுத்தறிவித்தனர். பெத்ராஸ் ரிம்ஷா என்னும் சிற்பி 1906-இல் அக்காட்சியை வடித்து, அதற்கு 'லித்துவேனியாவின் பள்ளி' எனப் பெயரிட்டார்.

அரசு அச்சுக்கூடத்தை மூடலாம்; காலையில் மகனை எழுப்பும் தாயின் நாவை மூடவல்லார் யார்? அன்றாடச் சொற்கள் வீட்டில் வழங்குமளவும் மொழி வாழும்.