கடலைக் கொல்லைக் காவலும் பழுதான துப்பாக்கியும்

கடலை முற்றிப் பறிப்புக்கு வரும் நாட்களில் புதுக்கோட்டை வட்டார விவசாயிக்குத் தூக்கம் கிடையாது. பகலில் மயில், இரவில் காட்டுப்பன்றி. பன்றிக் கூட்டம் ஒரு தடவை இறங்கினால், மறுநாள் காலையில் கொல்லை ஏர் ஓட்டியது போலக் கிடக்கும். பரண் கட்டித் தகரம் தட்டியும், பழைய சேலைகளைச் சுற்றிலும் கட்டியும் பயன் காணாதவர்களுக்குக் கடைசியில் துப்பாக்கி நினைவு வருகிறது.

சமஸ்தான காலத்து வேட்டை, பட்டாளத்து உத்தியோகம் என்று ஏதாவது ஒரு வழியில் வந்த பழைய துப்பாக்கி சில குடும்பங்களில் இருப்பதுண்டு. அதிலும் சில, சுட்டவுடன் தானே வெற்றுத் தோட்டாவைத் தள்ளிவிட்டு அடுத்ததை ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கி வகை. பெட்டியில் பல வருஷம் கிடந்த இத்தகைய துப்பாக்கி, வேண்டிய நேரத்தில் சிக்கிக்கொள்ளும். "தானாக ஏற்றும் வேலையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் கையால் ஏற்றிச் சுடும்படி மாற்றிவிட்டால் என்ன?" என்ற யோசனை அப்போதுதான் எழுகிறது. திருக்கோகர்ணத்தில் கொல்லை வைத்திருப்பவருக்கும் இந்த யோசனை வரலாம். யோசனையில் பாதி சரி. மறுபாதி ஜெயிலுக்குப் போகும் வழி.

சரியான பாதியை முதலில் பார்க்கலாம். அரைத் தானியங்கித் துப்பாக்கி, சுடும்போது உண்டாகும் புகையின் அழுத்தத்தையோ பின்னுதைப்பையோ கொண்டுதான் அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. இதற்கு வில்சுருள் விறைப்பாக இருக்க வேண்டும். உள்ளே கரியும் துருவும் இருக்கக் கூடாது. தோட்டா ஈரம் வாங்காமல் முழு வலுவோடு வெடிக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வெற்றுத் தோட்டா பாதியில் மாட்டிக்கொள்ளும். இருட்டில், கை நடுங்கும் நேரத்தில், குழலுக்குள் உயிருள்ள தோட்டா இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போவதுதான் இதில் பெரிய ஆபத்து. கையால் இயக்கும் துப்பாக்கியில் அந்தத் தொல்லை குறைவு. ஒற்றைக் குழலோ இரட்டைக் குழலோ, நடுவில் மடக்கித் திறந்தால் தோட்டா இருப்பது கண்ணுக்குத் தெரியும். விரலால் தடவியும் பார்த்துக்கொள்ளலாம்.

வெளிநாடுகளிலும் கையால் இயக்கும் வகைக்கே திரும்பியவர்கள் உண்டு. ஆனால் அவர்களைத் திருப்பியது பழுது அல்ல, சட்டம். பிரிட்டனில் 1987ல் ஹங்கர்போர்டு என்ற ஊரில் நடந்த படுகொலைக்குப் பிறகு, 1988ல் பெரிய ரக அரைத் தானியங்கி ரைபிள்கள் தடை செய்யப்பட்டன. அங்குள்ள துப்பாக்கிக் கம்பெனிகள் அதே வடிவத்தில், ஒவ்வொரு தடவையும் கைப்பிடியை இழுத்தால்தான் அடுத்த தோட்டா ஏறும் ரைபிள்களைச் செய்து விற்கின்றன. ஆஸ்திரேலியாவில் 1996ல் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பின், அரசே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது. விவசாயிகளுக்கு மட்டும், தேவையை எடுத்துக்காட்டினால், சிறிய ரகங்களுக்கு விலக்கு அளித்தார்கள். அங்கெல்லாம் மாற்றிச் செய்தவர்கள் உரிமம் பெற்ற தொழிலாளர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இருக்கிறது. அதன் 5ஆவது பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கியைச் செய்வதையும் விற்பதையும் மட்டும் தடுக்கவில்லை. மாற்றி அமைப்பதையும் பழுது பார்ப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. 2019ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு இதற்குத் தண்டனை குறைந்தது 7 வருஷம்; ஆயுள் வரையும் போகலாம். குழலைக் குட்டையாக வெட்டுவதும் குற்றமே. லேத் பட்டறையிலும் கொல்லன் பட்டறையிலும் நல்ல கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கொடுத்தவரோடு அவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். பழுது பார்க்க அரசு உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்குத்தான் போக வேண்டும். மாற்ற வேண்டும் என்றாலும் முதலில் அங்கேயும், உரிமம் கொடுத்த கலெக்டர் அலுவலகத்திலும் கேட்ட பிறகே கை வைக்கலாம்.

பயிர்க் காவலுக்கு இதே சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது, குழலின் வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கியைத்தான். நமது நாட்டுத் துப்பாக்கி அந்த இனம். அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், உட்புறம் வழவழப்பான குழலுள்ள வேறு துப்பாக்கிக்கும் அனுமதி தரலாம். அரைத் தானியங்கி ரைபிள் இந்தக் கணக்கில் வராது. ஆகவே சிக்கும் ரைபிளை மாற்றி அலைவதைவிட, முறைப்படி பயிர்க் காவல் உரிமத்துக்கு மனுச் செய்வதே சிறு விவசாயிக்கு ஏற்றது. 2019ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பின் உரிமம் 5 வருஷத்துக்குத் தரப்படுகிறது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அது கடலை பறிக்கும் சமயமாகவும் அமைந்துவிடுவது விவசாயியின் துரதிருஷ்டம்.

நாட்டுத் துப்பாக்கியிலும் கவனம் தேவை. கரி மருந்தின் சாம்பல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் குழலை அரித்துவிடும். எனவே சுட்ட அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவி, துணியால் ஒட்ட உலர்த்தி, எண்ணெய் போட வேண்டும். சுட்ட சூட்டோடு மறுபடி மருந்து கொட்டக் கூடாது. உள்ளே கனல் இருந்தால் முகத்தில் பற்றும். சத்தம் பெரிதாக வரட்டும் என்று அளவுக்கு மேல் கெட்டித்துக் குழல் வெடித்துக் கையை இழந்தவர்கள் உண்டு. விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், உடனே முன்னால் வந்து எட்டிப் பார்க்காமல், குழலை ஆள் இல்லாத திசையில் பிடித்தபடியே ஒரு நிமிஷமாவது பொறுத்திருக்க வேண்டும். கம்பி இழுத்துக் கட்டித் தானே வெடிக்க வைக்கும் கட்டுத் துப்பாக்கியை நினைக்கவே கூடாது. இலங்கையில் தோட்டங்களுக்குப் போன மனிதர்களே அதில் அடிபட்டுக் கால் இழந்திருக்கிறார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. உரிமம் கையில் இருப்பதாலேயே பன்றியைச் சுடும் உரிமை வந்துவிடாது. காட்டுப்பன்றி வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. 2025ஆம் வருஷத் தொடக்கத்தில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழித்தால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுடலாம் என்று அதில் இல்லை. எனவே பன்றி இறங்கினால் கிராம நிர்வாக அலுவலருக்கும் வனத்துறைக்கும் எழுத்தில் தெரிவித்து வைப்பது நல்லது. விராலிமலைப் பக்கத்து விவசாயிகளுக்குச் சொல்லத் தேவையில்லை: மயில் தேசியப் பறவை, அதைத் தொட்டால் வழக்கு இன்னும் கடுமை.

அப்படியானால் துப்பாக்கி எதற்கு? சத்தத்துக்குத்தான். குண்டும் சில்லும் இல்லாமல் வெறும் மருந்து மட்டும் கெட்டித்து, வீடும் வைக்கோல்போரும் இல்லாத திசையில் சுட்டால் பன்றிக் கூட்டம் கலையும். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சுட்டால் பழகிவிடும். இடம் மாற்றிச் சுட வேண்டும். பக்கத்துக் கொல்லைக்காரருக்கு முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். துப்பாக்கி இல்லாதவர்கள் கரண்டு கம்பியிலிருந்து வேலிக்கு மின்சாரம் இழுப்பதும் குற்றம். அதில் பன்றியைவிட முதலில் சாவது, விடியலில் தண்ணீர் பாய்ச்ச வரும் மனிதன்.

தகப்பனார் பெயரில் உரிமம் இருந்து அவர் காலமாகிவிட்ட வீடுகளில் அந்தத் துப்பாக்கியைப் பரணிலேயே போட்டு வைத்திருப்பதும் குற்றமாகும். தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். வாரிசுதாரர் தம் பெயருக்கு உரிமம் கேட்டு மனுச் செய்யும்போது அந்த ரசீதும், வாரிசுச் சான்றும், பழைய உரிமப் புத்தகமும் கையில் இருந்தால் அலைச்சல் குறையும்.