சுமக்க ஆள் வேண்டும்

பஞ்சமும் பக்தியும்: தொடர் 6

சென்ற வாரம் வடலூர் அடுப்பைப் பார்த்தோம். 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு. தருமச்சாலையில் ஒருநாள் அரிசி தீர்ந்து, அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்று எல்லாரும் கலங்கியபோது அவர் மட்டும் கலங்கவில்லை. மறுநாள் வெளியூர் அன்பர் ஒருவர் வண்டியில் அரிசியோடு வந்து நின்றார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் நாம் வள்ளலாரைத்தான் பார்க்கிறோம். வண்டி மாட்டை ஓட்டி வந்தவரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இந்த வாரம் அவரைப் பற்றி.

அவரைத் தேடுவதற்கு செலாயாங்தான் சரியான இடம். பத்துமலையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, கோலாலம்பூரின் வடக்கு எல்லையில் இருக்கிறது அந்தப் பெரிய மொத்தச் சந்தை. பாசார் போரோங் என்றால்தான் நம் ஆட்களுக்குப் புரியும். தலைநகரமும் சுற்றுவட்டாரமும் சமைக்கும் காய்கறியில் பெரும்பங்கு அங்கே வந்துதான் பிரிகிறது. கேமரன் மலை முட்டைக்கோசும் தக்காளியும் இரவில் லோரியில் வந்து இறங்கும். விடிவதற்குள் சில்லறைக் கடைக்காரர்களின் வேன்களில் ஏறிவிடும். நடுவில் மூட்டை தூக்குகிறவர்கள் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள், மியன்மார்க்காரர்கள், ரோஹிங்கியா அகதிகள். ஒரு காலத்தில் நம் தாத்தாக்கள் இந்த நாட்டில் எந்த இடத்தில் இருந்தார்களோ, அந்த இடத்தில் இன்று அவர்கள் இருக்கிறார்கள்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. முதல் சில நாள்களில் நடந்ததை மறக்கவே முடியாது. கேமரன் மலையில் விவசாயிகள் தக்காளியைக் கூடை கூடையாகக் கொட்டி அழித்தார்கள். விளைச்சலுக்கு ஒரு குறையும் இல்லை. சந்தைகள் மூடியிருந்தன, திறந்தவையும் நேரம் குறைத்திருந்தன, சரக்கு போய்ச் சேர வழியில்லை. அதே வாரத்தில் நாள் கூலியை நம்பியிருந்த அடுக்குமாடி வீடுகளில் அரிசி டின் அடிதட்டத் தொடங்கியிருந்தது.

ஏப்ரலில் நோய்த்தொற்று சந்தைக்குள் புகுந்தது. சந்தையைச் சுற்றியிருந்த குடியிருப்புகளை முள்கம்பி வளைத்தது. ஊருக்கெல்லாம் சோற்றுக்குக் காய் சுமந்தவர்கள் உள்ளே அடைபட்டு, வெளியிலிருந்து வரும் பொட்டலத்துக்காகக் காத்துக் கிடந்தார்கள். மே மாதம் குடிநுழைவுத் துறை அங்கே சோதனை நடத்தி, ஆவணம் இல்லாதவர்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்துச் சென்றது. வெளிநாட்டவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்று உத்தரவானதும் வியாபாரிகள் தவித்தார்கள். காய் இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது, தூக்க ஆள் இல்லை.

சேக்கிழார் இதையே சொல்லியிருக்கிறார். குண்டையூர்க் கிழார் என்பவர் சுந்தரருக்கு இடைவிடாமல் நெல்லும் பருப்பும் அனுப்பி வந்தார். மழை பொய்த்தது. அனுப்ப நெல் இல்லையே என்ற வேதனையில் அவர் உண்ணாமல் படுத்துவிட்டார். அன்றிரவு சிவன் கனவில் வந்தார். காலையில் கண் விழித்தால், ஊரை மூடிக்கொண்டு நெல் மலை! சாதாரணக் கதையாக இருந்தால் இங்கே முடிந்திருக்கும். சேக்கிழார் முடிக்கவில்லை. இவ்வளவு நெல்லைத் திருவாரூர் வரைக்கும் யார் சுமப்பது என்ற கவலை வருகிறது. சுந்தரர் பக்கத்திலிருக்கும் திருக்கோளிலிக்குப் போகிறார். இன்றைய திருக்குவளைதான் அது. அங்கே அவர் இறைவனிடம் பாடிக் கேட்டது நெல்லைச் சுமக்க ஆள்.

இறைவன் பூதங்களை அனுப்பினார். இரவோடு இரவாக ஆரூர்த் தெருக்களில் நெல் குவிந்தது. விடிந்ததும் சுந்தரரின் மனைவி பரவையார் முரசறையச் சொன்னார்: அவரவர் வீட்டு எல்லைக்குள் கிடக்கும் நெல்லை அவரவர் எடுத்துக்கொள்ளுங்கள். யார் ஏழை, யார் தகுதியானவர் என்று அந்த அம்மையார் விசாரிக்கவில்லை.

நெல்லைக் கொடுத்த கடவுளிடமே ஆளையும் கேட்கலாம் என்று சுந்தரருக்குத் தெரிந்திருந்தது. கேட்டது அவர் பக்திக்கு இழுக்காகவில்லை. வேதாகமத்திலும் இதே கதைதான். பஞ்ச காலத்தில் எலியா தீர்க்கதரிசியைக் கடவுள் அனுப்பிய இடம் சாறிபாத் ஊரில் ஓர் ஏழை விதவையின் வீடு. அவளிடம் இருந்தது ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும். தீர்க்கதரிசி அவளிடம் வாய்விட்டுத்தான் அப்பம் கேட்டார்.

இதையெல்லாம் சொல்லக் காரணம், 2021-இல் நம் நாட்டில் எழுந்த ஒரு வாக்குவாதம். ஜூன் 1-இல் முழு அடைப்பு. ஜூலை 3-இல் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பல பகுதிகளில் அது இன்னும் இறுகியது. சேமநிதியில் இருந்ததைப் பலர் முந்தின ஆண்டே எடுத்துச் சாப்பிட்டுத் தீர்த்திருந்தார்கள். 2020 முழுவதும் நாட்டில் 631 தற்கொலைகள். 2021-இன் முதல் ஐந்து மாதங்களிலேயே 468 என்று போலீஸ் கணக்குச் சொன்னது. அந்த நேரத்தில்தான் வெள்ளைக்கொடி வந்தது. பசி என்றால் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி கட்டுங்கள், அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். பழைய டீ-சட்டை, தலையணை உறை, கைக்குட்டை என்று எது கிடைத்ததோ அதை ஜன்னல் கிரில்லில் முடிந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிளில் யாரோ வருவார்கள். ஐந்து கிலோ அரிசி, சார்டின் டின், மீஹூன், ஒரு தட்டு முட்டை, இரண்டரை வெள்ளி விலையுள்ள ஒரு கிலோ எண்ணெய்ப் பாக்கெட். கொடி கட்டியவர் என்ன மதம் என்று வந்தவர் கேட்கவில்லை.

அப்போது பாச்சோக் நாடாளுமன்ற உறுப்பினர், வெள்ளைக்கொடியைத் தூக்கச் சொல்லிக் கொடுக்காதீர்கள், இறைவனை நோக்கிக் கைகளைத் தூக்குங்கள் என்றார். அவர் நம்பிக்கையை நான் சந்தேகிக்கவில்லை. பிரார்த்தனை பெரிய பலம்; பசியோடு இருப்பவனுக்குச் சில இரவுகளில் அது ஒன்றுதான் மிச்சம். ஆனாலும் அவர் சொன்னது தவறு. கையைத் தூக்கிக் கும்பிடுகிறவனும் ஜன்னலில் துணி கட்டுகிறவனும் ஒரே ஆள். ‘ஆண்டவன் பார்த்துக்கொள்வான்’ என்பது பசித்தவன் சொல்ல வேண்டிய வார்த்தை. வயிறு நிறைந்தவன் பசித்தவனைப் பார்த்து அதைச் சொன்னால், சுமக்க வேண்டிய மூட்டையைத் தெருவில் போட்டுவிட்டுப் போகிறான் என்று அர்த்தம்.

கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். தைப்பூசத்துக்கும் திருவிழாவுக்கும் நம்மவர்கள் போடும் அன்னதானத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரிசி நமக்கு எப்போதும் வந்து சேர்ந்திருக்கிறது. இனி ஒரு நோட்டு எடுங்கள். உங்கள் வட்டாரத்தில் எந்த அடுக்குமாடியில், எந்த மாடியில் தனியாக இருக்கும் முதியவர்கள் யார், லிஃப்ட் பழுதானால் ஏறிப் போகக் கூடியவர் யார், மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர்கள் யார், அவர்கள் கைப்பேசி எண் என்ன என்று எழுதி வையுங்கள். பக்கத்துச் சூராவிலும் தேவாலயத்திலும் இப்படி ஒரு நோட்டு இருந்தால் இரண்டையும் சேர்த்து வையுங்கள். அடுத்த கஷ்ட காலம் வருவதற்கு முன்பே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

(அடுத்த வாரம்: ஜப்பான்காரன் காலத்து மரவள்ளிக்கிழங்கு)