பத்து ஆம்பூலும் ஒரு சீட்டும்

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சை ராசா மிராசுதார் மருத்துவமனைக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். வயல்களுக்கு நடுவே போகும் சாலையில் 108 வண்டி எவ்வளவு விரைந்தாலும் நேரம் பிடிக்கத்தான் செய்யும். வலிப்பு கண்ட கர்ப்பிணியை அந்த வண்டியில் ஏற்றுவதற்கு முன், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்து ஸ்டாஃப் நர்ஸ் என்ன செய்தார் என்பதைப் பொறுத்தே தாயின் உயிர் அமையலாம். ராத்திரி இரண்டு மணிக்கு முடிவெடுக்க வேண்டியவர் பெரும்பாலும் அவர்தான்.

2018-20 கணக்கின்படி உயிருடன் பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தனர்; தமிழ்நாட்டில் 54. இந்த வேறுபாட்டில் 24 மணி நேர சுகாதார நிலையங்களில் முறை வைத்துப் பணிபுரியும் நர்ஸ்களின் உழைப்பும் அடங்கியிருக்கிறது. அந்த வேலைக்குப் போகப் படிக்கிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பேறுகாலக் கோளாறு ஒரு புத்தகத்தில், மருந்து இன்னொரு புத்தகத்தில். பிரசவ அறையிலோ இரண்டும் ஒரே நிமிடத்தில் வந்து நிற்கும்.

வலிப்பையே எடுத்துக்கொள்வோம். மருந்து மெக்னீசியம் சல்பேட். வார்டு மொழியில் 'மேக்சல்ஃப்'. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்து 2002-இல் வெளியான மேக்பை ஆய்வு, ரத்த அழுத்தம் ஏறிய கர்ப்பிணிகளுக்கு வலிப்பு வரும் வாய்ப்பை இது பாதியாகக் குறைப்பதைக் காட்டியது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன் 10 கிராம் போட வேண்டும் என்கிறது இந்திய அரசின் வழிகாட்டி. தேர்வுத்தாளில் '10 கிராம்' என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். கைக்கு அது போதாது. 50 சதவீத மருந்தில் 2 மில்லி ஆம்பூல் ஒன்றில் இருப்பது 1 கிராம். ஆக, பத்து ஆம்பூல் உடைக்க வேண்டும். ஐந்தை ஒரு 10 மில்லி சிரிஞ்சில் ஏற்றி ஒரு புட்டத்திலும், மற்ற ஐந்தை மறு புட்டத்திலும் ஆழமாகப் போட வேண்டும். கிராமை ஆம்பூலாகவும் மில்லியாகவும் மாற்றிச் சொல்லிச் சொல்லிப் படித்தவருக்குத்தான் பதற்றத்திலும் எண்ணிக்கை தவறாது.

அளவு மிஞ்சினால் இதே மருந்து மூச்சை நிறுத்தும். ஆனால் முன்கூட்டியே எச்சரிக்கை தரும்: முதலில் முழங்கால் துள்ளல் அடங்கும், மூச்சு அதன் பிறகே தளரும். மருந்து வெளியேறுவது சிறுநீரில். அதனால் அடுத்த டோஸுக்கு முன் மூன்றைப் பார்க்கிறார்கள்: முழங்கால் துள்ளுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையவில்லையா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வருகிறதா. காரணம் புரிந்தால் மூன்றும் தானாக நினைவில் நிற்கும். முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் அதே டிரேயில் இருக்க வேண்டும். அலமாரியைத் திறந்து தேட அப்போது நேரமிருக்காது.

பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கையும் இப்படியே மருந்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் ஆக்சிடோசின் 10 யூனிட், தசையில். 5 யூனிட் ஆம்பூல் என்றால் இரண்டு. இதை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு பட்டுக்கோட்டைப் பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்ததை நினைத்தால், குளிர்பெட்டியின் வெப்பநிலைப் பதிவேடும் பாடத்தில் ஒரு பகுதி என்பது விளங்கும். ரத்தப்போக்குக்கான இன்னொரு மருந்தான மெத்தர்ஜின், ரத்த அழுத்தம் ஏறிய தாய்க்குக் கூடாது. அழுத்தத்தை அது இன்னும் ஏற்றிவிடும். வலிப்பு வந்தவருக்கே ரத்தப்போக்கும் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியைப் படிக்கிறவர்கள் தங்களுக்குள் கேட்டுப் பழக வேண்டும்.

டிரானெக்சாமிக் ஆசிட் உயிர் காக்கும் மருந்து. ரத்தப்போக்கு கண்டதும், குழந்தை பிறந்து மூன்று மணி நேரத்துக்குள், 1 கிராம் சிரையில் மெல்ல ஏற்ற வேண்டும். இதன் ஆம்பூலை, முதுகுத்தண்டில் போடும் மயக்க மருந்தான புபிவகெயின் என்று நினைத்து முதுகில் செலுத்திவிட்ட விபத்துகள் பல நாடுகளில் நடந்ததால், 2022-இல் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. ஆம்பூல்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்ததே காரணம். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. மருந்தை எடுக்கும்போது ஒரு தரம், ஏற்றும்போது ஒரு தரம், போடுமுன் ஒரு தரம் பெயரை வாய்விட்டுப் படிக்கும் பழக்கத்தைப் பயிற்சிக் காலத்திலேயே பிடித்துக்கொள்வது நல்லது. களைத்துப்போன கண் எதிர்பார்த்த எழுத்தையே பார்க்கும்.

வண்டி புறப்படுமுன் ஒரு வேலை மிச்சமிருக்கிறது: தாயோடு போகும் சீட்டு. மருந்தின் பெயர், அளவு, போட்ட நேரம், அப்போதைய ரத்த அழுத்தம். 'மேக்சல்ஃப் 10 கிராம், இரவு 2.10' என்ற ஒரு வரி அதில் இல்லையென்றால், தஞ்சையில் இறக்கியவுடன் முதல் டோஸை இன்னொரு முறை போட்டுவிட வாய்ப்பிருக்கிறது.